கலைக்கப்பட்ட கட்சிகள், கலையாத பகை

1952 மார்ச்சில் மேற்கு ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் ஓர் அவதூறு வழக்கு விசாரணைக்கு வந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் ஓட்டோ எர்ன்ஸ்ட் ரேமர். 1944 ஜூலை 20 அன்று ராணுவ அதிகாரிகள் சிலர் ஹிட்லரைக் கொல்ல முயன்று தோற்றபோது, பெர்லின் காவல் படைப்பிரிவின் தளபதியாக இருந்து அந்தக் கிளர்ச்சியை அடக்கியவர் அவர். போர் முடிந்த நான்கே ஆண்டுகளில், 1949 அக்டோபரில், சோஷலிச ரைக் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். ஹிட்லரை எதிர்த்து உயிர்விட்டவர்களை மேடைக்கு மேடை தேசத்துரோகிகள் என்று ஏசினார். கூட்டம் கூடியது. 1951 மே மாதம் லோயர் சாக்ஸனி மாநிலத் தேர்தலில் அந்தக் கட்சிக்கு 11 சதவீத வாக்குகளும் 16 இடங்களும் கிடைத்தன.

வழக்கை நடத்திய அரசு வழக்கறிஞர் ஃபிரிட்ஸ் பவுவர் ஒரு யூதர். நாஜிகளின் வதைமுகாமில் அடைபட்டு, பிறகு டென்மார்க்குக்கும் சுவீடனுக்கும் தப்பி உயிர்பிழைத்தவர். ரேமருக்குத் தண்டனை வாங்கித் தருவதை மட்டும் அவர் நோக்கமாகக் கொள்ளவில்லை. நாஜி அரசே சட்டத்தை மிதித்த அரசு, அதை எதிர்த்தவர்களைத் துரோகிகள் என்று சொல்ல முடியாது என்பதை ஒரு ஜெர்மானிய நீதிமன்றத்தின் வாயாலேயே சொல்லவைக்க விரும்பினார், சொல்லவும் வைத்தார். ரேமருக்கு மூன்று மாதச் சிறை விதிக்கப்பட்டது. அதை அனுபவிக்காமல் அவர் எகிப்துக்கு ஓடிப்போனார். அதே ஆண்டு அக்டோபர் 23 அன்று அரசமைப்பு நீதிமன்றம் அவருடைய கட்சியைத் தடைசெய்தது. பின்னாளில் ஆஷ்விட்ஸ் முகாம் ஊழியர்களை ஃபிராங்க்பர்ட் நீதிமன்றத்தில் நிறுத்தியவரும் இதே பவுவர்தான்.

பள்ளிப் பாடங்களில் பாசிசம் 1945இல் முடிந்துவிடுகிறது. ஹிட்லரின் தற்கொலை, மிலானில் தலைகீழாகத் தொங்கவிடப்பட்ட முசோலினியின் உடல், நுரெம்பெர்க் விசாரணை, அத்துடன் அத்தியாயம் மூடப்படுகிறது. ஆனால் முசோலினி செத்து இருபதே மாதத்தில் அவருடைய ஆட்கள் ரோமில் புதுக் கட்சி தொடங்கிவிட்டார்கள். அன்றிலிருந்து இன்றுவரை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தீவிர வலதுசாரி இயக்கங்கள் இல்லாத பத்தாண்டு ஒன்றுகூட இல்லை. அவை எப்படிப் பிழைத்தன என்ற கேள்விக்கு வழக்கமாக இரண்டு பதில்கள் சொல்வார்கள். வறுமையும் வேலையின்மையும் என்பது ஒன்று. கூட்டத்தை மயக்கும் தலைவர்கள் என்பது மற்றொன்று.

இரண்டுமே போதாத பதில்கள் என்பது என் முடிவு. உலகின் மிகச் செழிப்பான நாடுகளில் ஒன்றான நார்வேயில்தான் 2011 ஜூலை 22 அன்று ஒரே ஆள் 77 பேரைக் கொன்றான். தலைவர்களோ பெரும்பாலும் தோற்றவர்கள். போருக்கு முன் பிரிட்டனின் பாசிசத் தலைவராக இருந்த ஆஸ்வால்ட் மோஸ்லி, 1958இல் லண்டன் நாட்டிங் ஹில் பகுதியில் கரீபியர்கள் தாக்கப்பட்ட கலவரத்தின் சூட்டோடு சூடாக, மறு ஆண்டே அதே வட்டாரத்தில் தேர்தலில் நின்று டெபாசிட்டை இழந்தார். 1959இல் அமெரிக்க நாஜிக் கட்சியைத் தொடங்கிய ஜார்ஜ் லிங்கன் ராக்வெல் எந்தத் தேர்தலிலும் தேறவில்லை. 1967இல் வர்ஜீனியாவின் ஆர்லிங்டனில் தன் கட்சியின் முன்னாள் உறுப்பினராலேயே சுட்டுக்கொல்லப்பட்டார். ரேமர் தன் முதுமையில் யூத இனப்படுகொலையே நடக்கவில்லை என்று எழுதித் தண்டனை பெற்று, மறுபடி நாட்டைவிட்டு ஓடி, 1997இல் ஸ்பெயினில் செத்தார். இவர்களின் வசீகரத்தால் ஓர் இயக்கம் எழுபது எண்பது ஆண்டுகள் நின்றது என்பதை நம்ப முடியவில்லை. அவர்களுக்கு நிழல் கொடுத்தவர்கள் யார் என்று தேடுவதே பயன் தரும். அந்தத் தேடலுக்கு இத்தாலியைப்போல் வேறு நாடு இல்லை.

1946 ஜூனில் இத்தாலிய நீதி அமைச்சர் தோல்யாத்தி ஒரு பொதுமன்னிப்பு அறிவித்தார். அவர் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைவர். நாட்டைச் சமாதானப்படுத்தும் நோக்கத்தோடுதான் அதைச் செய்தார். ஆயிரக்கணக்கான பாசிஸ்டுகள் வெளியே வந்தார்கள். பலர் பழைய அலுவலக நாற்காலிகளிலேயே போய் உட்கார்ந்தார்கள். அந்த டிசம்பரில் இத்தாலிய சமூக இயக்கம் பிறந்தது. அதன் முகமாக விளங்கிய ஜார்ஜோ அல்மிரான்தே, முசோலினி காலத்தில் இனவெறியைப் பரப்பிய ஒரு பத்திரிகையின் ஆசிரியர் குழுச் செயலாளராக இருந்தவர். பாசிசக் கட்சியை மீண்டும் அமைக்கக் கூடாது என்று அரசமைப்புச் சட்டமே சொல்கிறது. அதற்கென 1952இல் தனிச் சட்டமும் வந்தது. இருந்தும் மூவண்ணத் தீச்சுடரைச் சின்னமாகக் கொண்ட இந்தக் கட்சி ஒவ்வொரு தேர்தலிலும் நாடாளுமன்றத்துக்குப் போனது. 1960இல் பிரதமர் தம்ப்ரோனியின் அரசு இவர்களுடைய வாக்குகளை நம்பி அமைந்தது. பாசிச எதிர்ப்புப் போராட்டத்துக்குப் பெயர்போன ஜெனோவாவில் மாநாடு கூட்ட இவர்கள் கிளம்பியபோது மக்கள் தெருவில் இறங்கினார்கள். ரெஜ்ஜோ எமீலியாவில் போலீஸ் சுட்டு ஐந்து பேர் செத்த பிறகே அந்த அரசு விழுந்தது.

வாக்குச்சாவடி போதாது என்று நினைத்தவர்கள் வெளியே போய் வேறு குழுக்களைக் கட்டினார்கள். பீனோ ரவுத்தியின் புதிய ஒழுங்கு, ஸ்தெஃபானோ தெல்லெ கியாயேயின் தேசிய முன்னணிப்படை ஆகியவை முக்கியமானவை. 1969 டிசம்பர் 12 அன்று மிலானின் ஃபொந்தானா சதுக்கத்தில் ஒரு வங்கியில் குண்டு வெடித்தது. 17 பேர் இறந்தார்கள். போலீஸ் உடனே அராஜகவாதிகளைப் பிடித்தது. ரயில்வே தொழிலாளியான ஜூசெப்பே பினெல்லி மூன்றாம் நாள் காவல் அலுவலகத்தின் மாடி ஜன்னலிலிருந்து விழுந்து செத்தார். வால்பிரேதா என்ற நடனக் கலைஞர் குற்றமற்றவராகவே மூன்றாண்டுகள் சிறையில் கிடந்தார். உண்மையில் குண்டு வைத்தது புதிய ஒழுங்கு அமைப்பின் படுவா நகரக் குழு. இதை உச்ச நீதிமன்றம் 2005இல் ஒப்புக்கொண்டது. ஆனால் சம்பந்தப்பட்ட இருவரும் 1980களிலேயே அதே வழக்கில் விடுவிக்கப்பட்டிருந்ததால் மறுபடி விசாரிக்க முடியாது என்று சொல்லிவிட்டது. போதாக்குறைக்கு, வழக்குச் செலவை இறந்தவர்களின் குடும்பங்களே கட்ட வேண்டும் என்றும் உத்தரவிட்டது. இதைப் படிக்கும்போது இன்றும் எனக்குக் கை நடுங்குகிறது.

நாட்டில் பயத்தைப் பரப்பினால் மக்கள் கடுமையான ஆட்சியைத் தாங்களே கேட்பார்கள் என்ற கணக்கு இதன் பின்னால் இருந்தது. இத்தாலியர்கள் இதைப் பதற்ற உத்தி என்று அழைக்கிறார்கள். 1972இல் பெத்தேயானோ என்ற ஊரில் கார்குண்டு வெடித்து மூன்று காவலர்கள் இறந்தார்கள். இடதுசாரிகள்மேல் பழி விழுந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து வின்சென்சோ வின்சிகுவேரா என்ற நவபாசிஸ்ட், வைத்தது நான்தான் என்று ஒப்புக்கொண்டார். உளவுத்துறையும் காவல்துறையும் தங்களை எப்படி மறைத்துக் காப்பாற்றின என்பதையும் விவரமாகச் சொன்னார். அந்த வழக்கின் நூலைப் பிடித்துப் போன விசாரணை நீதிபதி ஃபெலீச்சே கசோன், நேட்டோ நாடுகள் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக ரகசியமாக வைத்திருந்த கிளாடியோ என்ற படையமைப்பு வரைக்கும் போய்ச்சேர்ந்தார். 1990இல் பிரதமர் அந்திரேயோத்தி நாடாளுமன்றத்தில் அது இருந்ததை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. 

எல்லாவற்றையும்விடக் கொடியது பொலோனியா ரயில் நிலையம். 1980 ஆகஸ்ட் 2, விடுமுறைக் கூட்டம் நிரம்பிய சனிக்கிழமை காலை. இரண்டாம் வகுப்புப் பயணிகள் காத்திருந்த அறையில் வைத்த குண்டு 85 பேரைக் கொன்றது, இருநூறுக்கும் மேற்பட்டோரைக் காயப்படுத்தியது. அடுத்த ஆண்டே இறந்தவர்களின் குடும்பத்தார் சங்கம் அமைத்தார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் ஊர்வலம் போனார்கள், ஒவ்வொரு விசாரணையிலும் வழக்கறிஞர் வைத்தார்கள், ஆவணங்களைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஆயுதப் புரட்சிக் குழு என்ற நவபாசிச அமைப்பின் இருவருக்கு 1995இல் தண்டனை உறுதியானது. ரகசியச் சங்கம் ஒன்றின் தலைவரான லீச்சோ ஜெல்லியும் உளவுத்துறை அதிகாரிகள் சிலரும் விசாரணையைத் திசைதிருப்பியதற்காகத் தண்டிக்கப்பட்டார்கள். குடும்பங்கள் அதோடு விடவில்லை. 2022இல் இன்னொருவருக்கும் ஆயுள்தண்டனை கிடைத்தது. பணம் கொடுத்து ஏவியவர்களில், அதற்குள் இறந்துபோயிருந்த ஜெல்லி ஒருவர் என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. பிரெஷாவில் 1974இல் எட்டுப் பேர் செத்த குண்டுவெடிப்புக்கு இறுதித் தீர்ப்பு வர 43 ஆண்டுகள் ஆயின. தண்டிக்கப்பட்ட இருவரில் ஒருவர் உளவுத்துறையிடம் சம்பளம் வாங்கிய தகவலாளி.

கட்சி என்ன ஆயிற்று? 1995இல் ஜியான்ஃபிராங்கோ ஃபீனி அதைக் கலைத்துப் பாசிசத்தைக் கைவிட்டதாக அறிவித்துத் தேசியக் கூட்டணி என்று புதுப்பெயர் சூட்டினார். 2012இல் அதன் பழைய ஆட்கள் பலர் சேர்ந்து இத்தாலியின் சகோதரர்கள் கட்சியைத் தொடங்கினார்கள். பதினைந்து வயதில் சமூக இயக்கத்தின் இளைஞர் அணியில் சேர்ந்த ஜார்ஜா மெலோனி 2022 அக்டோபரில் பிரதமரானார். தேர்தல் வழியில் வந்த மெலோனியின் கட்சியையும் குண்டு வைத்தவர்களையும் ஒன்றாக்கிப் பேசுவது தவறு. அதே நேரம், கட்சிச் சின்னத்தில் அந்த மூவண்ணத் தீச்சுடர் இன்னும் எரிகிறது என்பதைச் சொல்லாமல் விடுவதும் தவறு.

பிரான்சிலும் பிரிட்டனிலும் கதை வேறு விதமாகப் போயிற்று. 1972இல் பாரிசில் தேசிய முன்னணி தொடங்கப்பட்டபோது அதன் தலைவர் ஜான்-மரி லெ பென். பொருளாளர் பியர் பூஸ்கே, ஹிட்லரின் எஸ்.எஸ். படையில் பிரெஞ்சுக்காரர்களைக் கொண்ட சார்லமேன் பிரிவில் பணிபுரிந்தவர். அல்ஜீரியாவை இழந்த கோபத்தில் இருந்தவர்களும் போர்க்காலத்தில் ஹிட்லரோடு ஒத்துழைத்த பழைய விஷி ஆட்சியின் விசுவாசிகளும் ஒரே கூரையின் கீழ் வந்தார்கள். 1974 அதிபர் தேர்தலில் லெ பென்னுக்கு ஒரு சதவீதம்கூட இல்லை. 1983இல் த்ரோ என்ற சிறு நகரின் உள்ளாட்சித் தேர்தலில், இடதுசாரிகளைத் தோற்கடிக்க மிதவாத வலதுசாரிகள் இவர்களோடு கைகோத்தார்கள். கதவு அங்கேதான் திறந்தது. போரிலிருந்து தப்பி இலங்கைத் தமிழர்கள் பாரிசில் வந்து இறங்கிக்கொண்டிருந்த பத்தாண்டும் அதுதான். வந்தேறிகளால்தான் வேலை போகிறது என்ற சுவரொட்டிகளைப் பார்த்துக்கொண்டே லா ஷப்பேல் வட்டாரத்தில் நம்மவர்கள் கடை திறந்தார்கள். 2002இல் லெ பென் அதிபர் தேர்தலின் இரண்டாம் சுற்றுவரை வந்து 82க்கு 18 என்ற அளவில் தோற்றார். அவருடைய மகள் 2015இல் தந்தையைக் கட்சியைவிட்டே நீக்கி, 2018இல் பெயரையும் மாற்றி, இன்று நாட்டின் பெரிய கட்சிகளில் ஒன்றாக ஆக்கியிருக்கிறார்.

பிரிட்டனில் 1967இல் பிறந்த தேசிய முன்னணி, கென்யாவிலிருந்தும் உகாண்டாவிலிருந்தும் வெளியேற வேண்டிவந்த இந்திய வம்சாவளியினர் வந்து சேர்ந்த ஆண்டுகளில் வளர்ந்தது. அதற்கு உரம் போட்டது ஒரு கன்சர்வேட்டிவ் தலைவர். 1968 ஏப்ரலில் ஈனோக் பவல் பர்மிங்காமில் குடியேறிகளுக்கு எதிராகப் பேசிய பேச்சுக்காகக் கட்சித் தலைமை அவரைப் பொறுப்பிலிருந்து நீக்கியது. லண்டன் துறைமுகத் தொழிலாளர்களோ அவருக்காக ஊர்வலம் போனார்கள். 1979 தேர்தலில் தேசிய முன்னணி 303 பேரை நிறுத்தி எல்லா இடத்திலும் டெபாசிட் இழந்தது. வெற்றி என்று பலர் மகிழ்ந்தார்கள். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே மார்கரெட் தாட்சர், வேற்றுப் பண்பாட்டினரால் மூழ்கடிக்கப்படுவோமோ என்று மக்கள் அஞ்சுவதாகத் தொலைக்காட்சியில் பேசியிருந்தார். சிறு கட்சியின் சொற்களைப் பெரிய கட்சி எடுத்துக்கொண்டது. வாக்குகளும் கூடவே போயின. தீவிரவாதிகளைத் தோற்கடிக்க அவர்கள் மொழியைப் பேசுவது என்ற இந்த வழி பல நாடுகளில் முயன்று பார்க்கப்பட்டிருக்கிறது. ஜெர்மனியில் 1993 மே 26 அன்று, அகதிகளின் வீடுகள் எரிக்கப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், நாடாளுமன்றம் அடைக்கல உரிமையைக் குறுக்கியது. மூன்றாம் நாள் ஸோலிங்கனில் ஒரு துருக்கியக் குடும்பத்தின் வீடு கொளுத்தப்பட்டு ஐந்து பெண்களும் சிறுமிகளும் வெந்து செத்தார்கள். சலுகை கொடுத்தால் வெறி தணியும் என்ற வாதத்துக்கு இதைவிட வேறு மறுப்பு வேண்டாம்.

இந்த வரலாற்றில் இந்தியாவுக்கும் ஓர் இழை உண்டு. பிரான்சின் லியோன் நகரில் 1905இல் பிறந்த மாக்சிமியானி போர்தாஸ், ஆரியப் பழம்பெருமையைத் தேடி 1930களில் இந்தியா வந்தார். சாவித்திரி தேவி என்று பெயர் மாற்றிக்கொண்டு கல்கத்தாவில் ஜெர்மன் ஆதரவுப் பத்திரிகை நடத்திய அசித் கிருஷ்ண முகர்ஜியை மணந்தார். போர் முடிந்ததும் ஜெர்மனிக்குப் போய் நாஜித் துண்டறிக்கைகள் விநியோகித்து 1949இல் சிறைப்பட்டார். ஹிட்லரை ஓர் அவதாரம் என்று சொல்லும் அவருடைய நூல் 1958இல் கல்கத்தாவில் அச்சானது. 1962இல் இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட் பகுதியில் ராக்வெல்லும் பிரிட்டிஷ் நவநாஜித் தலைவர் காலின் ஜோர்டானும் கூடி நாஜிகளின் உலகச் சங்கத்தை அமைத்தபோது அவரும் அங்கிருந்தார். நம் சமய நூல்களின் சொற்களைக் கொண்டுபோய்க் கொலைகாரர்களுக்குப் பூமாலை கட்டிய இந்தப் பெண்மணியை நம் ஊர் அறிஞர்கள் போதுமான அளவு கண்டித்து எழுதவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு.

அமெரிக்காவில் இந்த இயக்கங்களை மடக்கியவை பெரும்பாலும் உரிமையியல் வழக்குகள். வியட்நாமிலிருந்து அகதிகளாக வந்தவர்கள் 1970களின் இறுதியில் டெக்சாஸ் கடற்கரையில் இறால் பிடித்துப் பிழைத்தார்கள். அங்கிருந்த வெள்ளையின மீனவர்களோடு தகராறு வந்தபோது, வியட்நாமில் போரிட்டுத் திரும்பிய லூயி பீம் தலைமையில் கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பு உள்ளே நுழைந்தது. படகுகள் எரிந்தன. அங்கியணிந்த ஆட்கள் துப்பாக்கியோடு படகில் வளைகுடாவைச் சுற்றிவந்தார்கள். தெற்கு வறுமைச் சட்ட மையத்தின் வழக்கறிஞர்கள் உதவியுடன் அகதி மீனவர்கள் 1981இல் நீதிமன்றம் போனார்கள். கறுப்பினப் பெண்ணான நீதிபதி கேப்ரியேல் மெக்டொனால்ட், மீனவர்களை மிரட்டுவதற்குத் தடை விதித்தார். அந்த இறால் பருவம் அமைதியாகத் தொடங்கியது. மறு ஆண்டு கிளானின் ஆயுதப் பயிற்சிக்கும் தடை வந்தது. இறால் பருவம் அமைதியாகத் தொடங்கியது. அதே 1981இல் அலபாமாவில் கிளான் ஆட்கள் பத்தொன்பது வயதுக் கறுப்பின இளைஞன் ஒருவனைக் கொன்று மரத்தில் தொங்கவிட்டார்கள். அவனுடைய தாய் அந்த அமைப்பின் மீதே வழக்குத் தொடுத்தார். 1987இல் நடுவர் குழு 70 லட்சம் டாலர் இழப்பீடு விதித்தது. ஐக்கிய கிளான்களின் தலைமையகக் கட்டடமே அந்தத் தாயின் பெயருக்கு மாறியது. 2000இல் ரிச்சர்ட் பட்லரின் ஆரிய தேசங்கள் அமைப்பு ஐடஹோ மாநிலத்தில் வைத்திருந்த முகாமை இன்னொரு தாயும் மகனும் வழக்காடி வென்றார்கள்.

இந்த வெற்றிகளுக்கு ஒரு பக்கவிளைவு இருந்தது. அமைப்பு என்று ஒன்று இருந்தால்தானே அதன் சொத்தைப் பறிக்கலாம், தலைவர் என்று ஒருவர் இருந்தால்தானே அவரைச் சிறையில் போடலாம்? மீனவர் வழக்கில் தோற்ற அதே பீம், தலைவர் இல்லாத எதிர்ப்பு என்ற கோட்பாட்டை 1983இல் எழுதினார். 1984 வாக்கிலேயே கணினிகளைத் தொலைபேசி வழியாக இணைத்துச் செய்தி பரப்பும் ஏற்பாட்டையும் செய்தார்கள். பொதுமக்களுக்கு இணையம் வருவதற்குப் பத்தாண்டு முந்தியே. ராக்வெல்லிடம் பயின்ற இயற்பியல் பேராசிரியர் வில்லியம் பியர்ஸ் 1978இல் புனைபெயரில் வெளியிட்ட ஒரு நாவல் கைமாறிக் கைமாறிப் போயிற்று. அதை நண்பர்களுக்கெல்லாம் கொடுத்துவந்த முன்னாள் ராணுவ வீரன் ஒருவன் 1995 ஏப்ரல் 19 அன்று ஓக்லஹோமா நகரின் அரசுக் கட்டடத்தைத் தகர்த்தான். 168 பேர் இறந்தார்கள், அவர்களில் 19 பேர் குழந்தைகள்.

அதற்குப் பின்னர் வந்த கொலைகாரர்கள் பலர் எந்தக் கட்சியின் உறுப்பினர் அட்டையையும் வைத்திருக்கவில்லை. 2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச்சில் இரண்டு மசூதிகளில் 51 பேரைக் கொன்றவன், ஐரோப்பியர்களை வேற்றினத்தார் இடம்பெயர்க்கிறார்கள் என்று பிரெஞ்சு எழுத்தாளர் ரெனோ கமூ 2011இல் எழுதிய நூலின் தலைப்பையே தன் அறிக்கைக்கு வைத்தான். அவன் பெயரைச் சொல்ல மாட்டேன் என்று அந்நாட்டுப் பிரதமர் ஜசிந்தா ஆர்டர்ன் அறிவித்தார். இக்கட்டுரையும் அதைப் பின்பற்றுகிறது. ஒரே மாதத்தில் நியூசிலாந்து நாடாளுமன்றம் 119க்கு 1 என்ற வாக்கில் பெரும்பாலான அரைத் தானியங்கித் துப்பாக்கிகளைத் தடைசெய்தது.

தனி ஆள் என்று சொல்லிக் கோப்பை மூடுவது அதிகாரிகளுக்கு வசதி. 1980 செப்டம்பர் 26 அன்று மியூனிக் அக்டோபர் திருவிழாவில் குண்டு வெடித்து, வைத்தவனோடு சேர்த்து 13 பேர் இறந்தார்கள். அவன் ஹோஃப்மன் என்பவரின் நவநாஜிப் பயிற்சிப்படையோடு தொடர்புள்ளவன். இருந்தும் காதல் தோல்வி, தேர்வுத் தோல்வி என்று காரணம் காட்டினார்கள். அது வலதுசாரிப் பயங்கரவாதம் என்று அரசுத் தரப்பு ஒப்புக்கொள்ள 2020 ஆயிற்று.

அதிகாரிகளின் இந்தக் கண்மூடித்தனத்தின் உச்சம்தான் தேசிய சோஷலிசத் தலைமறைவுக் குழு விவகாரம். யேனா நகரைச் சேர்ந்த மூவர் 1998இல் தலைமறைவானார்கள். 2000க்கும் 2007க்கும் இடையில் அந்தக் குழு பத்துப் பேரைக் கொன்றது. எட்டுப் பேர் துருக்கிய வம்சாவளியினர், ஒருவர் கிரேக்கர், ஒருவர் பெண் காவலர். முதலில் செத்தவர் பூ வியாபாரி. தையல்காரர், காய்கறிக் கடைக்காரர், சாவிக்கடைக்காரர் என்று, காவலரைத் தவிர எல்லோரும் சிறு தொழில் செய்து பிழைத்தவர்கள். காவல்துறை அவர்களுடைய மனைவியரையும் பிள்ளைகளையும் சந்தேகித்தது. போதைப்பொருள் கும்பல், சூதாட்டக் கடன் என்று துருவியது. விசாரணைக் குழுவுக்குத் துருக்கியின் நீரிணையான போஸ்போரஸின் பெயரையே வைத்தது. 2006 ஏப்ரலில் காசல் நகர இணைய மையம் ஒன்றில் ஒன்பதாவது ஆள் சுடப்பட்டபோது, மாநில உளவுத்துறை அதிகாரி ஒருவரும் அந்த மையத்துக்குள் வந்திருந்தார். எதையும் பார்க்கவில்லை என்றார். மே மாதம் குடும்பங்கள் காசலில் ஊர்வலம் போய், பத்தாவது பலி வேண்டாம் என்று கதறினார்கள். கொலைகளுக்கு இனவெறி காரணமாக இருக்கும் என்று அவர்கள் அன்றே சொன்னார்கள். நாடு அதைக் கேட்க 2011 நவம்பர் ஆயிற்று. அதுவும் கொள்ளை ஒன்றுக்குப் பின் மூவரில் இருவர் செத்துக்கிடந்ததால். அந்த வாரத்திலேயே மத்திய உளவுத்துறையில் ஆவணங்கள் சில கிழித்துப் போடப்பட்டன. மூவரும் வளர்ந்த துரிங்கிய நவநாஜி வட்டத்தின் தலைவர் டீனோ பிராண்ட், உளவுத்துறையிடம் சுமார் இரண்டு லட்சம் மார்க் வாங்கிய தகவலாளி. அந்தப் பணத்தை இயக்கத்துக்கே செலவிட்டதாக அவரே சொன்னார்.

ஜெர்மனி பிறகு கற்றுக்கொள்ளவில்லை என்று சொல்ல மாட்டேன். பிரதமர் மெர்கெல் 2012இல் குடும்பங்களிடம் மன்னிப்புக் கேட்டார். தீவிர வலதுசாரித் தேசிய ஜனநாயகக் கட்சியை 2017இல் தடைசெய்ய மறுத்த அரசமைப்பு நீதிமன்றம், 2024இல் அதன் அரசு நிதியை நிறுத்தியது. ஆனால் அதே காசலின் மாவட்ட ஆளுநர் வால்டர் லூப்கே, அகதிகளுக்கு ஆதரவாகப் பேசியதற்காக 2019 ஜூனில் தன் வீட்டு முற்றத்தில் சுடப்பட்டார். சுட்டவன் நவநாஜி என்பது உளவுத்துறைக்கு முன்பே தெரியும். ஹெஸ்ஸன் மாநில உளவுத்துறை தலைமறைவுக் குழுவைப் பற்றித் தானே தயாரித்த அறிக்கையை முதலில் 120 ஆண்டுகளுக்கு ரகசியம் என்று முத்திரையிட்டிருந்தது. எதிர்ப்பு வந்ததும் 30 ஆக்கியது. மியூனிக் நீதிமன்றம் 2013 மே முதல் 2018 ஜூலை வரை 438 நாட்கள் விசாரித்து, மூவரில் உயிரோடிருந்த பெண்ணுக்கு ஆயுள்தண்டனை விதித்தது. கொலை நடந்த ஒவ்வொரு ஊரிலும் அந்த இடங்களைக் காட்டிக்கொடுத்தவர்கள் யார் என்பதைக் குடும்பங்கள் அங்கே கேட்டன. அதற்கு இன்றுவரை பதில் வரவில்லை.